நாவலர் அச்சுக்கூடமும் பணத்துக்கு முந்திய மூலதனமும்



நம்மூரில் ஒருவர் புதிதாகக் கடையொன்று திறக்கப் போகிறார் என்றால், விஷயமறிந்த பெரியவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "முதல் எவ்வளவு?" என்பது ஒன்று. "பின்னுக்கு ஆர் நிக்கினம்?" என்பது மற்றது. முதற் கேள்விக்குரிய விடை கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடும். இரண்டாவதற்குரிய விடை எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆனால் கடை நிற்பதும் படுப்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன. கணினியொன்றை முன்னே வைத்துக்கொண்டு இன்றைய இளைஞர் தொடங்கும் தொழிலுக்கு 'ஸ்டார்ட்அப்' என்று புதுப்பெயர் வந்திருக்கலாம். கேள்வி பழையதுதான்.

அந்த இரண்டாவது கேள்வியை, ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் வண்ணார்பண்ணையிலே தோன்றிய ஒரு தொழில் முயற்சியிடம் கேட்டுப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். ஆறுமுக நாவலருடைய வித்தியாநுபாலன யந்திரசாலையையே குறிப்பிடுகின்றேன். நாவலரை உரையாசிரியராக, வசனநடை வல்லாளராக, சைவ மறுமலர்ச்சியின் தலைவராக நம் இலக்கிய வரலாறுகள் காட்டுகின்றன. இயந்திரம் வாங்கி, ஆள் வைத்து, தாள் வாங்கி, அச்சிட்டு, விற்று, மீண்டும் தாள் வாங்கிய ஒரு தொழில் முனைவராக அவரை எவரும் அதிகம் பார்ப்பதில்லை. அப்படிப் பார்ப்பது அவருடைய பெருமைக்குக் குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலிலே களத்தைப் பார்ப்போம். எங்கள் சண்டிலிப்பாயைச் சுற்றிவரப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மிஷனாரின் நிலையங்கள் இருந்தன. மானிப்பாய், பண்டத்தரிப்பு, உடுவில், வட்டுக்கோட்டை என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே படம் புரியும். நடுவிலே கல்வளைப் பிள்ளையார் இருந்தார். அவர் மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே பாடிய அந்தாதி ஏட்டில் இருந்தது. ஏட்டுச் சுவடி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போக வேண்டுமானால், யாரோ ஒருவர் எழுத்தாணியோடு பல நாள் உட்கார வேண்டும். மிஷனாரிடமோ அச்சியந்திரம் இருந்தது.

அந்த அச்சியந்திரமும் எளிதில் வந்துவிடவில்லை. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார், 1820 இல் கரட் என்ற அச்சுத் தொழிலாளரை வருவித்தபோது, ஆங்கில அரசு அவரை நாட்டில் தங்க விடவில்லை. அதன்பின் நல்லூரில் இருந்த சர்ச் மிஷனாரின் அச்சுக்கூடமே இரு சாராருக்கும் உதவியது. ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர் என்ற அச்சாளர் வந்து சேர்ந்த பின்னர், 1834 முதல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் முழு வேகத்தில் இயங்கலாயிற்று. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' பத்திரிகையும் வந்துவிட்டது. துண்டுப் பிரசுரங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. சைவர்களுக்கு அப்போதுதான் தாங்கள் எதிர்கொள்ளும் கருவி எது என்று விளங்கிற்று.

1842 இல் வண்ணை வைத்தீசுவரன் கோயிலைச் சார்ந்த மடமொன்றிலே ஏறக்குறைய இருநூறு சைவர்கள் கூடினார்கள். ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், ஓர் அச்சியந்திரமும் வாங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வட்டாரம் வணிகர் வாழ்ந்த வட்டாரம். அந்தக் கோயிலே வைத்திலிங்கச் செட்டியார் என்னும் வணிகர் கட்டியது. ஆகவே பணத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. இருந்தும் சைவர்களுக்கென்று ஓர் அச்சுக்கூடம் வர மேலும் ஏழாண்டு சென்றது. ஏன்? கூடியவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியாதது எவருக்கும் தெரியாது. அச்சு எப்படி நடக்கிறது, பிழை எப்படித் திருத்துவது, சிறுபிள்ளைக்கான பாடப்புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை உள்ளிருந்து கண்ட ஒருவர் அந்த வட்டத்துக்குத் தேவைப்பட்டார்.

அந்த ஒருவர் அப்போது எதிர்முகாமிலே சம்பளத்துக்கு இருந்தார்.

1822 டிசம்பர் 18 ஆம் திகதி நல்லூரிற் பிறந்த ஆறுமுகம், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பீற்றர் பார்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியரானார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதன் தொடர்ச்சி. பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது, நெற்றியில் திருநீற்றோடு அருகிருந்து பல ஆண்டுகள் துணைபுரிந்தவர் இவரே. அம்மொழிபெயர்ப்பின் பொருட்டுப் பாதிரியாரோடு சென்னபட்டணமும் போய் வந்தார். விவிலியம் 1850 இல் அச்சேறியது.

இந்த உறவை நம்மவர் பலர் சற்றுக் கூச்சத்தோடுதான் பேசுவார்கள். சைவங் காத்த நாவலர் விவிலியத்துக்கு உழைத்தார் என்பது சிலருக்கு ஒரு விபத்துப்போலத் தோன்றும். தொழில் வரலாறு என்ற கண்ணோடு பார்த்தால், இதைவிடப் பெறுமதியான உறவு அவருக்கு வாழ்நாளில் வாய்க்கவில்லை என்றே சொல்வேன். வசனத்தைச் சொல் சொல்லாக நிறுத்துப் பார்ப்பது, வகுப்புக்கு வகுப்பு பாடப்புத்தகம் அமைப்பது, அச்சுப்படியோடு மல்லுக்கட்டுவது, சென்னையிலே யாரிடம் போனால் எந்தக் காரியம் ஆகும் என்று அறிவது — இவற்றையெல்லாம் உறவினரோ ஊரவரோ கொடுத்திருக்க இயலாது. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973 இல் எழுதிய கட்டுரை ஒன்று பிற்காலத்தில் மிகப் புகழ்பெற்றது. நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர் வழியாகவே புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் வருகின்றன என்பது அதன் சாரம். நெருக்கமானவர்கள் நம் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறார்கள். அறிமுகக்காரர் வேறொரு வட்டத்தின் கதவைத் திறந்து விடுகிறார். நாவலரின் கதையை ஒருபுறமும் இக்கட்டுரையை மறுபுறமும் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வியப்பளிக்கும்.

ஆனால் அறிமுகக்காரர் கதவைத்தான் திறப்பார். உள்ளே வந்து விளக்கேற்ற மாட்டார். அதற்கு நெருங்கியவர்கள் வேண்டும். 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயர் அவருடைய நண்பராகவும் துணைப் பிரசங்கியாராகவும் நின்றார். பாதிரிமார் பிரசங்கம் செய்த முறையையே சைவத்துக்கு மாற்றிக்கொண்டார் என்பது வெளிப்படை. அந்த வெள்ளிக்கிழமைகளுக்குச் சமயப் பயன் இருந்தது. இன்னொரு பயனும் இருந்தது. வாரந்தோறும் ஒரே இடத்தில் ஒரே கூட்டம் கூடுகிறது. யார் வருகிறார், யார் தொடர்ந்து வருகிறார், யாருடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், யாரிடம் பொருள் இருக்கிறது, யாரிடம் மனம் இருக்கிறது என்பதெல்லாம் பேசுகிறவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டே, 1848 இல், சைவப்பிரகாச வித்தியாசாலை வண்ணார்பண்ணையிலே தொடங்கப்பட்டது. பாதிரியாரிடம் பார்த்த உத்தியோகத்தையும் நாவலர் அவ்வாண்டே விட்டார். பள்ளிக்கூடம் வந்ததும் புத்தகம் தேவைப்பட்டது. புத்தகம் தேவைப்பட்டதும் அச்சியந்திரம் தேவைப்பட்டது. 1842 இல் கூடியவர்கள் இரண்டையும் ஒன்றாக விரும்பினார்கள். நாவலர் ஒன்றை நடத்திக் காட்டி, மற்றதற்கான தேவையை எல்லார் கண்ணிலும் படச் செய்தார்.

1849 ஆம் ஆண்டு தம் மாணாக்கர் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். (மானிப்பாய் மிஷனாரோடு பணியாற்றிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை வேறு; இருவரையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன்.) சென்னைக்கு நேரே போகாமல் திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போனார். ஏன் என்பதை யோசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இருபத்தாறு வயது இளைஞர் பாதிரியாரிடம் வேலை பார்த்தவர். சந்நியாசியும் அல்லர், மடத்தைச் சேர்ந்தவரும் அல்லர். அவர் அச்சிட்டுத் தரும் சைவ நூலைத் தமிழ்நாட்டுச் சைவர்கள் ஏன் வாங்க வேண்டும்? ஆதீனத்திலே தம் புலமையைக் காட்டி, 'நாவலர்' என்ற பட்டத்தைப் பெற்றுக்கொண்டுதான் அவர் மேலே சென்றார். அப்பட்டம் ஒரு பெருமை என்று மட்டும் கொள்வோர் அதன் தொழிற்பயனைக் காண்பதில்லை. நூலின் முகப்பிலே அந்தப் பெயர் ஏறியவுடன், நூலை நம்பலாம் என்று காவிரிக்கரையிலுள்ளவரும் அறிந்துகொண்டார். ஊர்க்காரரின் பொருளுதவி இயந்திரத்துக்கு உதவியது. ஆதீனத்தின் வாக்கு சந்தையைத் திறந்தது.

சென்னையிலே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிடுவித்து, அச்சியந்திரத்தோடு ஊர் திரும்பினார். அங்கே அக்காலம் அச்சுத் தொழிலுக்கு வளமான காலம். 1835 இல் மெற்காவ் துரை கொண்டுவந்த சட்டத்தின்பின் இந்தியாவிலே சுதேசிகள் தடையின்றி அச்சுக்கூடம் வைக்க முடிந்தது. சரவணப்பெருமாளையர் போன்ற புலவர்கள் ஏற்கெனவே நூல் பதிப்பிலே இறங்கியிருந்தார்கள். நாவலர் அவர்களுடைய தொழிலைப் பார்த்து வந்தவர் என்பதில் ஐயமில்லை. வண்ணார்பண்ணையில் நிறுவப்பட்ட வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடங்களும், நன்னூல் விருத்தியுரையும், 1852 இல் பெரியபுராண வசனமும், 1854 இல் சைவதூஷண பரிகாரமும் வெளிவந்தன. இந்த வரிசையைக் கவனியுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு ஒன்று, வித்துவானுக்கு ஒன்று, வீட்டிலுள்ளோருக்கு ஒன்று, விவாதத்துக்கு ஒன்று. ஒரு நூல் விற்காவிட்டாலும் இன்னொன்று தாள் செலவைத் தாங்கும் ஒழுங்கு இதிலே இருக்கிறது.

உழைத்தவர்கள் யாவர்? மாணாக்கரும் உறவினருமே. சதாசிவப்பிள்ளை கடைசிவரை உடன் நின்றார். பிற்காலத்தில் சென்னபட்டணம் தங்கசாலைத் தெருவிலே இயங்கிய அச்சுக்கூடம் அவருடைய பொறுப்பில் நடந்தது. மருகர் வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளை பாடஞ் சொன்னார். தமையனார் மைந்தர் கைலாசபிள்ளை பின்னாளில் நாவலரின் சரித்திரத்தையே எழுதினார். நாவலர் மணஞ் செய்யவில்லை; தமக்கென்று ஊதியமும் எடுக்கவில்லை. ஆகையால் மற்றவர்களும் குறைந்த ஊதியத்தில் அல்லது ஊதியமின்றி உழைப்பதற்கு ஒரு நியாயம் ஏற்பட்டது. ஒரு தொழிலின் ஆரம்ப ஆண்டுகளில் இதைவிடப் பெரிய முதலீடு இல்லை.

பெரிய நூல்களுக்கு இது போதாது. திருக்குறள் பரிமேலழகர் உரை போன்றவற்றை அச்சிட வேண்டுமானால் நூல் விற்றுப் பணம் வருமட்டும் தாங்கக்கூடிய ஒருவர் வேண்டும். இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுச்சாமித் தேவர் அங்கே வருகிறார். 1861 இல் வெளிவந்த நாவலரின் திருக்குறட் பதிப்புக்கும், திருக்கோவையாருரை முதலியவற்றுக்கும் அவருடைய ஆதரவு கிடைத்தது. 1901 இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவருடைய மைந்தர். தந்தையின் அறிமுகங்கள் மைந்தருக்கு வந்து சேர்வதும், ஒரு பதிப்பு முயற்சி ஒரு சங்கமாக மலர்வதும் ஒரே கொடியின் வளர்ச்சியே.

அக்காலத்து நூல் முகப்புகளைப் படித்தவர்கள் அறிவார்கள்: யாருடைய விருப்பப்படி, யாரால் பரிசோதிக்கப்பட்டு, யாரால், யாருடைய அச்சுக்கூடத்தில் என்று பெயர் மேல் பெயராக வரும். உள்ளே திரும்பினால் சிறப்புப் பாயிரங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். இன்றைய வாசகர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார். அவையே அந்தத் தொழிலின் உண்மையான ஐந்தொகை. சிறப்புப் பாயிரம் கொடுத்த புலவர் தம் மாணாக்கருக்கும் தம்மை ஆதரித்த பிரபுவுக்கும் அந்நூலை அறிமுகஞ் செய்பவர். விளம்பரமும் விற்பனையாளரும் அவரே.

பார்சிவல் பாதிரியாரின் கதை இதோடு முடியவில்லை. அவர் பின்னர் மிஷனை விட்டுச் சென்னையிலே குடியேறி, 'தினவர்த்தமானி' என்ற பத்திரிகையை நடத்தினார். அதற்கு ஆசிரியராக அழைக்கப்பட்டவர் யார்? வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்த அழைப்பினாற் சென்னை சென்ற அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரை வெளிவந்தபோது, பரிசோதித்தவர் நாவலர், வெளியிட்டவர் தாமோதரம்பிள்ளை. ஒரே பாதிரியார் திறந்த இரண்டு கதவுகள் ஒரே நூலிலே சந்தித்தன. 1881 இல் வீரசோழியம், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை என்று தாமோதரம்பிள்ளை தொடர்ந்தார். ஏடு தேடுவதற்கு அவர் நம்பியதும் அறிமுகங்களையே. பொருளிலே பெரும்பகுதி அவர் தம் கையிலிருந்து போட்டது.

அதே 1887 இல் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். அவருடைய பின்னணியிலும் திருவாவடுதுறையே நிற்கிறது. 1880 இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கும்படி சொன்னவர் ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர்; சிந்தாமணியைக் கையிற் கொடுத்தவர் முதலியார். அச்சுச் செலவுக்கு ஐயர் நாடிய வழி 'கையொப்பம்'. நூல் வெளிவருமுன்பே, இத்தனை பிரதி வாங்குவேன் என்று அன்பர்கள் கையெழுத்திடுவார்கள். சிலர் முற்பணமும் தருவார்கள். கையொப்பம் இட்டவர் நூலை விரும்பினாரோ இல்லையோ, கேட்டவரை அறிந்திருந்தார். அது போதுமாயிருந்தது.

மானிப்பாய் அச்சகத்துக்கு என்ன நேர்ந்தது என்று நேயர்கள் கேட்கலாம். 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேலிடத்தார் செலவைச் சுருக்க முடிவு செய்ததும், அங்கே தொழில் பழகிய சுதேசக் கிறிஸ்தவர்கள் அதனை ஏற்று நடத்தினார்கள். 1859 இல் வெளிவந்த சைமன் காசிச்செட்டியின் 'தமிழ் புளூட்டாக்' ரிப்ளி அன் ஸ்ட்ராங் என்ற பெயரோடும், 1886 இல் வந்த ஆர்னல்டின் 'பாவலர் சரித்திர தீபகம்' ஸ்ட்ராங் அன் அஸ்பரி என்ற பெயரோடும் அச்சாயின. பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று எண்ண வேண்டாம். ஞானஸ்நானத்தின்போது கிடைத்த பெயர்கள் அவை. ஒரே கூடத்தில் எழுத்துக் கோத்தவர்களின் நட்பே அவர்களுக்கு முதல்.

இத்தனையும் சொன்ன பின், இந்த வகை மூலதனத்தின் குறையையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது. நாவலர் 1872 இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். நான்கு ஆண்டளவிலே பொருளின்றி மூட நேர்ந்தது. பிரசங்கத்துக்கு வந்தவர்களும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உதவியவர்களுமே, ஆங்கிலம் என்று வந்தபோது பிள்ளைகளை உத்தியோகத்தை எண்ணி மிஷன் பாடசாலைக்கு அனுப்பினார்கள். உறவு புத்தகம் வாங்கச் செய்யும். பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கச் செய்யாது. சிதம்பரத்தில் 1864 இல் அவர் நிறுவிய வித்தியாசாலை நிலைத்தது. ஆனால் அங்கே தீட்சிதர்களோடு மனத்தாங்கல் வளர்ந்தது. இராமலிங்க சுவாமிகளின் பாடல் பற்றிய கண்டனம் 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஒருவருடைய பெயரைச் சுற்றியே எல்லாம் நடக்கும்போது, அவருடைய பகையும் நிறுவனத்தின் பகையாகிவிடுகிறது.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. அறிமுகம் என்பது அறிந்தவருக்குள்ளே சுற்றுவது. நாவலரின் வட்டம் உயர்சாதிச் சைவர்களின் வட்டம். அவருடைய எழுத்துகளில் சாதியாசாரம் வலியுறுத்தப்பட்டிருப்பது மறைக்கத்தக்கதன்று. மறைத்துப் படிப்பிப்பதும் ஆசிரியருக்கு அழகன்று. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் நடந்த கோயிலுக்குள் நுழைய முடியாதவர், அந்தப் பிரசங்கத்திலிருந்து பிறந்த பள்ளிக்கும் அச்சுக்கூடத்துக்கும் 'பின்னுக்கு' நிற்பவராக எப்படி இருக்க முடியும்? பெற்றுக்கொள்பவராகக்கூட அவர் எண்ணப்படவில்லை. பணம் இல்லாத சைவ இளைஞர் ஒருவருக்கு அறிமுகம் கைகொடுத்தது என்று மகிழும் நாம், அறிமுகமே மறுக்கப்பட்டவரை அந்த மகிழ்ச்சியில் மறந்துவிடுகிறோம்.

நாவலர் 1879 டிசம்பர் 5 ஆம் திகதி மறைந்தார். அதன்பின் நடந்தது கவனிக்கத்தக்கது. 1888 இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1889 இல் 'இந்துசாதனம்' வெளிவந்தது. 1890 இல் அச்சபையின் பொறுப்பில் வந்த உயர்தரப் பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நாவலர் தனியாளாக முயன்று மூட நேர்ந்த ஆங்கிலப் பள்ளியை, உறுப்பினரும் சந்தாவும் கூட்டக் குறிப்பும் உடைய ஒரு சபை அதே வண்ணார்பண்ணையிலே நிலைநாட்டியது. தெரிந்தவர்களின் கூட்டம், தெரியாதவரும் சேரக்கூடிய ஓர் அமைப்பாக ஒரு படி நகர்ந்தது.

ஒரு படிதான். உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற அரசாங்க விதி வந்தது 1929 இல். அதற்கும் இங்கே கடுமையான எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் அந்த விதிக்காகக் காத்திராதவர்களும் இருந்தார்கள். வடமராட்சியிலே, கல்வி மறுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்த கா. சூரன் 1914 இல் ஒரு சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். தம் சமூகத்தவரின் கைகளையும், வெளியே தமக்கு வாய்த்த சில நல்லவர்களின் அறிமுகத்தையும் கொண்டு அவர் கட்டியெழுப்பிய அப்பள்ளி, தேவரையாளி இந்துக் கல்லூரி என்ற பெயரோடு வளர்ந்து எழுத்தாளரையும் ஆசிரியரையும் ஈழத்துக்குத் தந்தது.